எதிர்வீட்டுக் கதவில் சாளைத் தலை

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மூன்றாம் திகதி நான் ஒரு கிண்ணத்தில் வறுத்த சோயாக் கொட்டைகளை எண்ணிப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்காருவேன். வயது எத்தனையோ அத்தனை கொட்டை, வரப்போகும் வருடத்துக்கு ஒன்று கூடுதலாக. அதுதான் கணக்கு. முதன்முதலாகச் சாப்பிட்டபோது எல்லாமே ஒரு கைக்குள் அடங்கின. இந்த முறை முப்பத்துநான்கு. கடைவாய்ப் பல்லொன்றுக்கு மூடி போட்டிருப்பதால் ஒவ்வொன்றையும் இடது பக்கத்துக்கு ஒதுக்கித்தான் கடிக்கிறேன். சிரிக்காதீர்கள், உங்கள் முழங்காலைப் பற்றியும் எனக்குத் தெரியும்.

உங்களைத்தான் சொல்கிறேன். வுப்பர்டாலின் மழையிலும் படிக்கட்டுகளிலும் என்னோடு வளர்ந்தவர்களே, ஹனோவரில் வளர்ந்தவர்களே, எந்த ஊரானாலும் பரவாயில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வந்த ஜெர்மன் கடிதங்களையெல்லாம் அம்மா அப்பாவுக்கு வாசித்துச் சொன்ன கூட்டம் நாங்கள். பத்து வயதில் எனக்கு வாடகை ஒப்பந்தம் தெரியும், சுடுதண்ணீர்க் கணக்குத் தெரியும், வெளிநாட்டவர் அலுவலகத்தின் சந்திப்பு நேரம் தெரியும். நான் சொல்லப்போவதும் ஒரு கடிதத்தைப் பற்றித்தான். அதற்கு முன்னால் ஒரு ஜப்பான் திருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்க் போய் யூரோ வந்ததற்கு அடுத்த குளிர்காலம் அது. மலைச்சரிவில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழே பள்ளத்தில் தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலால் உறுமிக்கொண்டு போகும். அப்பா குறடு, திருகாணி முடுக்கி எல்லாம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் விடிகாலையிலிருந்து பின்னேரம் வரை வேலை. அம்மா பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கைத் துப்புரவு செய்யப் பின்னேரம் போவார்.

அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. ஒக்ரோபரில் வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. படிக்கட்டு முழுக்கத் தாங்க முடியாத சமையல் மணம் என்று முறைப்பாடாம், இது எச்சரிக்கையாம். அம்மா அதற்கு முதல் கிழமை கருவாடு பொரித்திருந்தார். டிசெம்பரில் இரண்டாவது கடிதம் வந்தது. அந்த முறை அம்மா மிளகாய்த்தூளுக்கு மல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்திருந்தார், யன்னலைத் திறந்து வைத்து, கதவடியில் ஈரத் துவாயும் போட்டுத்தான். மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டை விட்டு எழும்ப வேண்டிவரும் என்று அதில் இருந்தது. அதை நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"வீடு போனால் விசாவும் போச்சு," என்றார் அப்பா. "மார்ச்சில வெளிநாட்டவர் அலுவலகத்தில டெர்மின். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் அங்க போய் என்னத்தைக் காட்டுறது?"

வீடு போன கையோடு விசாவும் போய்விடாது என்று இன்றைக்குச் சட்டம் படித்த யாரும் சொல்வார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்த ஆளிடம் கேட்கவும் வெட்கம். ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் குசினியில் உருளைக்கிழங்கு அவிந்தது, பாண் இருந்தது, முட்டை இருந்தது. அம்மா தாளிக்கவே இல்லை. தாளிக்காத பருப்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், உங்களுக்கு என் அனுதாபம்.

எங்களுக்கு நேர் எதிர்க்கதவு எதிர்வீட்டு அன்ரியுடையது. ஜப்பான்காரர். பியானோ படிக்க வந்து, ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி, பிறகு பிரிந்து, மகளோடு தனியாக இருந்தார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பார். அந்த மகள் என் வகுப்பு, என் சிநேகிதி. அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, மூக்கு கதவைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைக்க வேண்டும். வீட்டுக்குள் அரிசி வேகும் மணமும் பியானோ மரத்தின் மெழுகு மணமும் கலந்து இருக்கும். சோறு மணக்கிற வீடு எனக்கு அந்நியமாகப் படவே இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் அன்ரி எங்கள் இருவரையும் நிலத்தில் இருத்தி, செட்சுபுன் என்ற திருநாளைப் பற்றிச் சொன்னார். குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்குவதற்கு முதல் நாள். எங்களுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவர்களுடைய பழைய நாட்காட்டியில் அடுத்த நாள் வசந்தம். ஒரு காலம் போய் இன்னொரு காலம் வரும் இடத்தில் ஒரு நீக்கல் விழுமாம். அந்த நீக்கலால் ஓனி உள்ளே வருமாம். ஓனி என்றால் பேய். நோயும் பஞ்சமும் அதுதான் கொண்டுவரும்.

"ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அரசர் மாளிகையில் ஆட்கள் அதை வில்லோடு விரட்டினார்கள்," என்றார். அவருடைய ஜெர்மன் அம்மாவுடையதை விட நல்லது, ஆனாலும் சின்னச் சின்ன வசனமாகத்தான் வரும். "பிறகு ஒரு தடவை பழைய தலைநகரத்துக்கு வடக்கே, மலையில் ஒரு குழி. குழிக்குள்ளிருந்து ஓனி வந்தது. ஊரைக் கெடுத்தது. தெய்வம் சொன்னது, கொட்டையை வறு, அதன் கண்ணில் எறி. எறிந்தார்கள். ஓனி குருடாகி ஓடிவிட்டது."

ஏன் வறுக்க வேண்டும் என்று சிநேகிதி கேட்டாள். பச்சைக் கொட்டை எங்காவது மூலையில் கிடந்து முளைத்துவிட்டால் விரட்டிய கேடும் அதோடு சேர்ந்து முளைத்துவிடுமாம். ஓனி வருவது வடகிழக்கால். அந்தத் திசைக்குப் பழைய பெயர் மாடும் புலியும், அதனால்தான் ஓனிக்கு மாட்டுக் கொம்பு, புலித்தோல் உடுப்பு. இதை நான் வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

"வடகிழக்கு ஈசான மூலையெல்லோ! எங்கட சாமிப்படம் இருக்கிற மூலை. அதால பேய் வருமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"சாமி லீவில நிக்கிற நேரம் பார்த்து வருமாக்கும்," என்றார் அப்பா.

அன்ரி என்னிடம் ஒரு பை சோயாக் கொட்டை தந்து, உன் அம்மா நன்றாக வறுப்பார், வறுத்துத் தருவாரா என்று கேட்டு அனுப்பியிருந்தார். அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வறுக்க ஏலாது எண்டு சொல்லு. ஏனெண்டு சொல்லாத."

நான் ஏனென்று சொன்னேன். அடுத்த நாள் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒக்ரோபர்க் கருவாடு, டிசெம்பர்த் தூள், இரண்டு கடிதம், மூன்றாவது வந்தால் வீடு, வீடு போனால் விசா, மார்ச்சில் டெர்மின். அன்ரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு தன் குசினியில் தானே கொட்டைகளை வறுத்தார், பாதி கருகிப்போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். ஒரு வீட்டில் ஓனியாக வேடம் போடுவது அப்பாமாரின் வேலை. தன் வீட்டில் அப்பா இல்லை. உங்கள் கணவர் ஓனியாக வருவாரா? பிள்ளைகள் கொட்டை எறிந்து விரட்டுவார்கள். இதைக் கேட்டு முடித்து அவர் இடுப்பு வளையக் குனிந்தார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்து, கதவு சாத்தியதும் சிரிப்பைக் கழற்றினார்.

"இந்தக் கட்டடத்தில எத்தனை ஆம்பிளையள்? பேய்க்கு உங்களைத்தான் கேக்க வேணுமெண்டு அவவுக்கு ஏன் தோன்றினது? கறுப்பெண்டபடியால்தானே!"

"பேய் சிவப்பாமப்பா. பிள்ளை சொன்னவளெல்லோ," என்றார் அப்பா.

"விசாவுக்குப் போற நேரத்தில உங்களை நிப்பாட்டி வெளிய போ, வெளிய போ எண்டு கத்துவினமாம். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ."

அப்பா சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு, "எங்கட பிள்ளை கிழமையில நாலு நாள் அவவின்ர வீட்டில சாப்பிடுது. ஒரு நாளெண்டாலும் காசைப் பற்றிக் கதைச்சவவோ? நான் போறன்," என்றார்.

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம் மனதில் விழுந்துவிட்டால் அதைப் பெருக்கித் தள்ள எந்தத் தும்புத்தடியாலும் முடியாது. அம்மா பிழையாக நினைத்தார். ஆனால் காரணம் இல்லாமல் அப்படி நினைக்கவில்லை, பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கை வெறுமையாகவே போவதை எத்தனையோ வருடம் பார்த்தவர்.

மூன்றாம் திகதி திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானும் சிநேகிதியும் தேவாலய வேலியிலிருந்து, ஓரமெல்லாம் முள்ளுள்ள இலைச் செடியில் இரண்டு கொப்பு முறித்தோம். நத்தாருக்குச் சிவப்புக் காய் காய்க்குமே, அந்தச் செடி. விரலெல்லாம் குத்து. அன்ரி ஒரு சாளை மீனைச் சுட்டு, தலையைத் தனியாக எடுத்து, அந்தக் கொப்பில் குத்தித் தன் கதவு நிலையில் கட்டினார். முள் ஓனியின் கண்ணைக் குத்தும், மணம் அதன் மூக்கை விரட்டும். உங்களுக்குத் தெரியும், சுட்ட சாளை எப்படி மணக்கும் என்று. முதல் மாடியிலிருந்து நான்காம் மாடி வரைக்கும் பேயும் மனிதரும் எல்லோரும் ஓடக்கூடிய மணம்.

மணத்தால் எங்களுக்கு வந்த கடிதங்களைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொண்டு அன்ரி ஏன் அதைக் கட்டினார் என்று பிற்பாடு அம்மா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். எனக்கு இப்போது விளங்குகிறது. மீன் தலை அவருடைய கதவில், கண் மட்டத்தில், முள் இலையோடு தொங்கியது. யாருடைய மணம் என்று பார்த்தாலே தெரியும் என்று நம்பியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் மணம் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், நேராக எங்கள் கதவுக்குத்தான் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

பின்னேரம் ஐந்தரை. அப்பா வேலையால் வந்து குளித்து, தலையிழுத்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு படிக்கட்டு மேடையில் நின்றார். பேய்க்குப் போவதற்குத் தலையிழுத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். முகமூடியை நாங்கள் இருவரும் காலைச் சாப்பாட்டுப் பெட்டி அட்டையில் வெட்டிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தோம். கொம்பு இரண்டும் கழிவறைத் தாள் சுற்றிய குழாய்கள். அதைக் கட்டிக்கொண்டு அன்ரியின் மணியை அடித்து, "ஊவா!" என்று உள்ளே பாய்ந்தார்.

சிநேகிதி சதுரமான ஒரு மரப்பெட்டியிலிருந்து கொட்டையை அள்ளி எறிந்தாள். "ஓனி வா சோட்டோ! ஃபுக்கு வா உச்சி!" பேய் வெளியே, பாக்கியம் உள்ளே. அன்ரியும் எறிந்தார், சிரித்துச் சிரித்து. அப்பா பியானோவைச் சுற்றி ஓடினார், ஐயோ ஐயோ என்று தமிழில் கத்தினார். என் கையும் நிறையக் கொட்டை இருந்தது. நான் எறியவில்லை. வெளியே என்ற சொல்லை அப்பாவைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா சொன்னது காதுக்குள் இருந்தது. அப்பா முகமூடியின் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்து, "எறி பிள்ளை, நோகாது," என்றார். கை திறக்கவில்லை.

அப்போதுதான் வெளியே ஹவுஸ்மைஸ்டரின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். அன்றைக்குப் பிந்திக் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா கதவைத் திறந்தார். அன்றைக்கு அம்மாவின் அடுப்பில் அவித்த கிழங்கு மட்டும்தான்.

"மறுபடியுமா?" என்றார் அவர். கையில் குறிப்புப் புத்தகம். "இந்த முறை மீன். கீழ்வீட்டுக் கிழவிக்கு மயக்கம் வராத குறை."

அம்மாவுக்கு ஜெர்மனில் தடங்கலில்லாமல் வரும் வசனம் ஒன்றுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னார். அவர் சமைக்காத மீனுக்கு, பார்க்காத மீனுக்கு, இரண்டு தடவை. ஹவுஸ்மைஸ்டர் எழுதத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு அப்பா கொம்பும் சிவப்பு முகமுமாக எதிர்க்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வந்தவரும் பழக்க தோஷத்தில், "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். ஹவுஸ்மைஸ்டர் ஒரு படி பின்னால் போய், "கார்னிவலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே," என்றார். அன்ரி பின்னால் ஓடிவந்து இடுப்பு வளையக் குனிந்து, அவரும் மன்னிப்புக் கேட்டார். மூன்று பேர் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டால் யாருடைய குற்றம் என்று எந்த ஹவுஸ்மைஸ்டரால் கண்டுபிடிக்க முடியும்? முன்பே தெரிந்த கதவைப் பார்த்து அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

என் கை அப்போது திறந்தது. முழுக் கைப்பிடியையும் அவருடைய முகத்துக்கு எறிந்து, "சோட்டோ! சோட்டோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கொட்டை மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மற்றவை படிகளில் துள்ளித் துள்ளிக் கீழே போகும் சத்தம் முடிய வெகுநேரம் எடுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, இன்னும் ஒரு வரி எழுதினார். அன்ரி தன் கதவு நிலையைக் காட்டி, "என் மீன், என் மீன்," என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் மாடி வரைக்கும் அவருக்குப் பின்னால் போனார். அவர் திரும்பவே இல்லை.

அன்ரி மேலே வந்து, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாப்பிடும் தடித்த கடற்பாசிச் சோற்றுச் சுருளை அந்த வருடத்து நல்ல திசையைப் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல், மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு முழுவதும் தின்ன வேண்டும். நல்ல திசையில் சலவை இயந்திரம் இருந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று சலவை இயந்திரத்தைப் பார்த்துத் தின்றோம். அம்மா வாயே திறக்கவில்லை. அம்மா முறைப்படி செய்கிறார் என்று அன்ரி சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார். அம்மாவுக்கோ கோபத்தில் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? வீடு போகப்போகிறது, அதற்குக் காரணம் நான். மற்றவர்களுக்கு மீன் மட்டும்தான் கவலை. ஹவுஸ்மைஸ்டர் கடைசியாக எழுதிய வரி என்னைப் பற்றியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் தபால்பெட்டிக்கு ஓடுவேன். அன்ரி வீட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியே வீட்டில் இருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ கேட்கும்.

கடிதம் வந்தது. அப்பாவும் அம்மாவும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நான் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன், தேடினேன். பிள்ளை என்ற சொல் இருக்கிறதா, எறிதல் இருக்கிறதா, மூக்குக் கண்ணாடி இருக்கிறதா? இல்லை. மேலே அம்மா அப்பாவின் பெயர், நடுவில் நீளமான ஒரு பந்தி, விளங்காத சொற்கள். வீட்டை விட்டு எழும்பு என்ற சொல் எங்கும் இல்லை. எனக்கு அதுவே போதும். மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

"என்னவாம் பிள்ளை?"

"பிரச்சினை இல்லையாம். இனிக் கவனமா இருக்கட்டாம்."

அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் விழுந்து கும்பிட்டார். மார்ச்சில் அப்பா டெர்மினுக்குப் போனார், இரண்டு வருடத்துக்கு விசா நீட்டினார்கள். அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார். எதிர்க்கதவுக்கு ஒரு மோதகமும் போகவில்லை. "தன்ர மீனை நாங்கள் சுமந்தது. மூன்றாவது எச்சரிக்கை வந்திருந்தால் அவவுக்கென்ன? ஜப்பான்காரருக்கு இந்த நாட்டில ஒரு கரைச்சலும் இல்லை," என்பார்.

கோடையில் அவர்கள் பிரேமனுக்குப் போனார்கள். போகும் நாள் காலையில் அன்ரி எங்கள் மணியை அடித்து, தாளில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா பாதி திறந்த கதவுக்குள் நின்று வாங்கி, நன்றி என்று சொல்லிச் சாத்திவிட்டார். அது அந்தச் சதுர மரப்பெட்டி. அதில் அம்மா வருடக்கணக்காகத் துணிக்குத்திகளைப் போட்டு வைத்தார், பிறகு வீடு மாறும்போது எங்கோ தொலைந்துவிட்டது. முகமூடியும் அப்படித்தான் போயிற்று.

இப்போது அந்தக் கடிதம். போன மாதம் அப்பாவின் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குப் பழைய விலாசங்களின் அத்தாட்சி தேவைப்பட்டது. நிலவறையிலிருந்த கோப்புகளை நான்தான் கிளறினேன். அதே உறை, அதே மடிப்பு. நின்றபடியே வாசித்தேன். இந்த முறை எல்லாச் சொல்லும் விளங்கியது.

உங்கள் எதிர்வீட்டில் குடியிருப்பவர் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, பெப்ரவரி மூன்றாம் திகதி எழுந்த மணம் மட்டுமல்ல, ஒக்ரோபரிலும் டிசெம்பரிலும் எழுந்த மணமும் தன்னுடைய சமையலால் வந்ததே என்று எழுத்தில் தந்திருக்கிறார். ஆகவே உங்களுக்கு அனுப்பிய இரண்டு எச்சரிக்கைகளும் திரும்பப் பெறப்படுகின்றன, அவை அவருக்கு அனுப்பப்படும். உங்களுக்கு நேர்ந்த மனக்கஷ்டத்துக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த நாட்டில் பார்த்தவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டே காலம் தள்ளிய என் அம்மாவிடம் ஒரு அலுவலகம் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதை நான், இனிக் கவனமாக இருக்கட்டாம் என்று மொழிபெயர்த்திருக்கிறேன். கருவாடும் தூளும் எங்களுடையவை என்று அன்ரிக்கு நான்தான் சொன்னேன். தெரிந்துகொண்டேதான் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சிநேகிதியை இணையத்தில் தேடிப் பிடிக்க இரண்டு நாள். ஹம்பேர்க்கில் குழந்தை வைத்தியராக இருக்கிறாள். அவளிடமிருந்து இன்னொன்றும் தெரிய வந்தது. அந்த வருடம் அன்ரியின் விசாவும் எங்களுடையதைப் போலவே நீட்ட வேண்டிய விசாதான், விவாகரத்தானதால் அதுவும் ஆட்டம் கண்டுகொண்டிருந்ததாம். எச்சரிக்கைகள் தன் பெயருக்கு வந்த பிறகு அந்த வீட்டில் இருக்க அவருக்குப் பயம். அதனால்தான் பிரேமனுக்குப் போயிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. கடிதத்தை அவருக்கு மேசையில் வைத்து, விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். நான் செய்த பிழையையும் சொன்னேன். அப்பா எழுந்து யன்னலடியில் போய் நின்றார். அம்மா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"உந்த மன்னிப்பு எனக்கு வந்ததில்லை. ஒக்ரோபரில பொரிச்சது நான். டிசெம்பரில வறுத்தது நான். அவவின்ர நம்பர் இருக்கோ?"

ரெலிபோனைச் சத்தமாக வைத்து மேசையில் வைத்தேன். அன்ரியின் குரல் மெலிந்திருந்தது, மற்றபடி அதே சின்னச் சின்ன வசனங்கள். அம்மா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. கிளினிக் கழுவிப் படித்த ஜெர்மனிலேயே சொன்னார். "ஒக்ரோபர். மீன். நான். நீங்கள் இல்லை."

"தெரியும்," என்றார் அன்ரி. "அன்றைக்கு நான் சோற்றுக் கிண்ணத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் மீனை அப்படித்தான் காயவைப்பார்கள். மூன்று வருடம் அந்த மணம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கதவைத் தட்டி ஒரு துண்டு கேட்க வெட்கம். மணத்தோடு சோற்றைச் சாப்பிட்டேன். அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்தது பாதி உண்மை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா யன்னலடியில் நின்றபடியே கண்ணைத் துடைத்தார். எனக்கு நன்றி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, அந்த வீட்டுக்கு, அந்த விசாவுக்கு, நான் படித்த படிப்புக்கு, இன்றைக்கு இந்த மேசையைச் சுற்றி இருக்கும் எங்கள் மூவருக்கும். வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அன்ரி தொடங்கிவிட்டார். அந்த மீன் தலையை அவர் கட்டியிருக்கக் கூடாதாம், எங்களுக்கு மிகவும் கஷ்டம் கொடுத்துவிட்டாராம், தயவுசெய்து தன்னை மன்னித்துக்கொள்ளட்டாம்.

அம்மா ரெலிபோனை இரண்டு கையாலும் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, இந்த நாட்டுக்கு வந்த முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக ஒருவரை ஜெர்மன் மொழியில் அதட்டினார்.

"இல்லை! நீங்கள் கேட்கக் கூடாது! இன்றைக்கு நான்!"